ராகிக் கொட்டாய்

அதெல்லாம் உள்ள விடமாட்டாங்கக்கா. மூடி வெச்சிடுங்க, ஈ மொய்க்குது. மூணு அடுக்குக் கேரியரா? புளியோதரை, வடை... அடேங்கப்பா, கோழி கூவறதுக்கு முன்னாடியே அடுப்ப பத்த வெச்சிருப்பீங்க போல. கேஸு நடக்கற வரைக்கும்தாங்க்கா வீட்டுச் சோறு. தீர்ப்பு ஆயிடுச்சுன்னா அதோட சரி. அப்புறம் உள்ள என்ன போடறாங்களோ அதத்தான் சாப்பிடணும். யாரும் சொல்லலையா உங்களுக்கு? வக்கீலாச்சும் சொல்லியிருக்கலாம். அவங்களுக்கென்ன, தீர்ப்பு அன்னிக்குக் கறுப்புக் கோட்ட கழட்டி கையில போட்டுகிட்டா நம்ம மூஞ்சியே மறந்து போயிடும்.

இப்படி மரத்தடிக்கு வாங்க. வெயில்ல நின்னா மட்டும் சீக்கிரம் கூப்பிட்டுடுவாங்களா? பாக்கறதுக்கு மனு எழுதிக் குடுத்துட்டீங்கல்ல? அந்த மீசைக்காரர் கிட்டதானே? அப்ப கவலைய விடுங்க. அவரே வெளிய வந்து பேரு படிப்பாரு. இன்னும் நேரம் கெடக்குது. முதல்ல ஜவான் ஒருத்தரு வந்து ஹோகம்மா, ஆச்செ ஹோகுன்னு நம்மள ரெண்டு வாட்டி வெரட்டணும். அது ஆனப்புறம்தான் கதவு தெறக்கும். பூசைக்கு முன்னாடி மணி அடிக்கிற மாதிரி.

ஏய் பாமா, பெரியம்மா கேரியர தொடாத. வா இந்தப் பக்கம்.

வேணாங்க்கா, குடுக்காதீங்க. வெளிய யாரு குடுத்தாலும் வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு பழக்கி வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணா? ஒண்ணும் வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு வடை நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் வேணாம்.

வயசா? மூணு முடிஞ்சு நாலு நடக்குது. அப்பாவத் தொட்டது கெடையாது. இவ பொறக்கறதுக்கு முன்னாடியே அவரு உள்ள போயிட்டாரு. வாயத் தெறந்து பேச ஆரம்பிச்சப்ப கம்பி அப்பா, கம்பி அப்பான்னுதான் கூப்பிட்டா. எங்க ஆஸ்டின் டவுன்ல பக்கத்து வீட்டு மனுஷன் சாயங்காலம் வேலைக்குப் போயிட்டு வந்து அவரு புள்ளைய தூக்குறாரு. இவ அதப் பாத்துட்டு என்ன கேக்கறா தெரியுமா? இந்த அப்பாவுக்கு ஏம்மா கம்பி இல்லன்னு. சிரிக்காம என்ன பண்றது, சொல்லுங்க. நான் சிரிச்சேன். அந்த மனுஷன்தான் உள்ள போயி அழுதாரு.

உள்ள எப்படி இருக்கும்னா கேக்கறீங்க? சொல்றேன், மொத வாட்டி வந்தப்ப எனக்கும் சொல்றதுக்கு ஆளில்லாம திண்டாடிட்டேன். ஒரு நீளமான ரூமு. நடுவுல வலை. ஒரு வலை இல்ல, ரெண்டு வலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆளு நடக்கிற அளவுக்கு சந்து, அதுல ஜவான் நடந்துகிட்டே இருப்பான். அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாம. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. கன்னடம், தமிழு, துலுக்கு, தெலுங்கு எல்லாம் சேந்து காய்கறி மார்க்கெட்டு தோத்துடும். அதனால எப்படி இருக்கீங்கன்னு கேட்டு நேரத்த வீணாக்காதீங்க. எப்படி இருப்பாங்க, ஜெயில்ல இருக்கற மாதிரிதான் இருப்பாங்க. என்ன சொல்லணுமோ அத மொதல்ல சொல்லிடணும். அப்புறம் இந்த மாதிரி வெள்ளைப் புடவை கட்டாதீங்க, கூட்டத்துல தெரியாது. பாருங்க, நான் இந்த மாம்பழக் கலர மனுவுக்குன்னே வெச்சிருக்கேன். உள்ள நுழைஞ்சதுமே அவரு கண்ணு நேரா என்கிட்ட வந்துடும்.

லெட்டரும் போடலாம். ஆனா தமிழ்ல எழுதினா அத படிச்சுப் பாக்க ஆளு வரணும், அது வரைக்கும் மேஜைமேல கெடக்கும். கன்னடத்துல எழுதினா அன்னிக்கே உள்ள போயிடும். எனக்கு ஆனேக்கல் பக்கம்தான் ஊரு, பள்ளிக்கூடத்துல நாலு வருஷம் கன்னடம் படிச்சேன். அதுவரைக்கும் அத வெச்சு ஒரு பிரயோஜனமும் கண்டதில்ல. இப்ப பாருங்க, புருஷனுக்குக் காதல் கடுதாசியே கன்னடத்துலதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. உள்ள ஒரு செட்டியாரு படிச்சுச் சொல்றாரு. அதனால கொஞ்சம் அடக்கித்தான் எழுதறேன்.

அப்பாடா, சிரிச்சீங்களே.

பத்து வருஷங்க்கா. நாலு முடிஞ்சுது. செய்யாத தப்புக்கு.

ஆமா, இங்க நிக்கிற எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. அந்த முக்காடு போட்ட அம்மாவ கேளுங்க, எம்மவன் எறும்பக் கூட மிதிக்க மாட்டான்னு சொல்லும். அவன் மூணு வீட்ட கன்னம் வெச்சவன். அதனால நீங்க நம்பணும்னு நான் சொல்லல. ஆனா எங்க வீட்டுக்காரரு உள்ள போனது ஒரே ஒரு மனுஷன் வாயாலதான். கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டு, என் கண்ணால பாத்தேன்னு சொன்னான். பாக்கல. அந்த மனுஷன் வாயாலயே நிஜம் வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல. இல்லல்ல, பொய் சொல்றேன், தூக்கமெல்லாம் நல்லா வருது, மரத்தூளு கூடைய தூக்கிகிட்டுத் தெருத் தெருவா சுத்தினா படுத்ததும் வருது. ஆனா அந்த மனுஷன நெனைக்காம ஒரு நாள் கூடப் படுத்ததில்ல.

யாரா? சொல்றேன், சொல்றேன். அதச் சொல்லாம விடுவேனா?

உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு? ஒன்றரை வருஷம். கடுங்காவலா? த்சொ. அப்ப வேலை குடுப்பாங்க. என்ன வேலைன்னா... புதுசா வர்றவங்கள மொதல்ல ராகிக் கொட்டாய்க்குத்தான் அனுப்புவாங்க. அத்தனை பேருக்கும் முத்தெ, நம்ம களிதான், கிண்டணும்ல? அந்த ராகிய யாரு அரைக்கிறது? கல்லுன்னா வீட்ல இருக்கற யந்திரக் கல்லு மாதிரி இல்ல. ஆளு ஒசரத்துக்குக் கட்டை, நின்னுகிட்டே சுத்தணும். எங்க வீட்டுக்காரரு மண்டியில மரம் தூக்கின கை, காப்பு காச்சின கை. அவருக்கே மொத மாசம் உள்ளங்கை உரிஞ்சு போச்சு. வலைக்கு அந்தப் பக்கம் கைய மூடி மூடி வெச்சுகிட்டாரு, நான் பாத்துடுவேன்னு. உங்க வீட்டுக்காரருக்குப் பாவம் பேனா புடிச்ச கை.

எனக்கு எப்படித் தெரியுமா? உங்க கேரியரப் பாத்தா தெரியாதா, அக்கா. கூலிக்காரன் வீட்ல மூணு அடுக்கு இருக்குமா.

பயப்படாதீங்க. அங்க ஜவான் அடிக்க மாட்டான், அவன் ஏதோ பீடி புடிச்சுகிட்டு வெளிய நிப்பான். கொட்டாய்ல அதிகாரமெல்லாம் மேஸ்திரிக்குத்தான். மேஸ்திரின்னா வெளி ஆளு இல்ல, அவரும் கைதிதான். நீளத் தண்டனைக்காரங்கள்ல ஒழுங்கா நடந்துக்கறவங்களா பாத்து இடுப்புக்கு ஒரு பெல்ட்டு குடுத்து, மத்தவங்கள மேய்க்கச் சொல்லிடுவாங்க. ராகி அளந்து குடுக்கறது அவரு. மாவு வாங்கிக்கறது அவரு. ரெண்டு விரலால மாவ எடுத்துத் தேச்சுப் பாப்பாராம். சரின்னா சரி. நைசா இல்லன்னா, திரும்பக் கொட்டு கல்லுல. அவ்வளவுதான். திட்டறதில்ல, அடிக்கிறதில்ல. யார்கிட்டப் போயி என்னன்னு பிராது பண்ணுவாங்க? மாவு நைசா இல்லன்னு சொன்னாருன்னா?

அந்த மேஸ்திரி எப்படிப்பட்டவரா? நல்லவருங்க்கா. ரொம்ப நல்லவரு. அதான் கஷ்டம்.

இருங்க, நான் எதுக்கு மரத்தூளு விக்கறேன்னு சொல்லலையே. எல்லார் வீட்லயும் இப்ப தூளடுப்புதானே. தகர டின்னுல நடுவுல ஒரு பாட்டில நிறுத்தி, சுத்தித் தூள அமுக்கி, பாட்டில உருவிட்டுப் பத்த வெச்சா மதியச் சோறு முடியற வரைக்கும் நின்னு எரியும். விறகுல பாதி செலவு. அவரு உள்ள போனப்புறம் வயித்துல இவளோட நான் என்ன பண்றது? லட்சுமம்மான்னு ஒருத்தங்க மரமண்டியில ரம்பத்துக்கு அடியில கெடக்கறத கூட்டி அள்ளுவாங்க. அவங்க கிட்ட வாங்கி நான் தெருவுல விப்பேன். அதே மண்டிதாங்க்கா, எங்க வீட்டுக்காரரு வேலை செஞ்ச மண்டி. கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் பின்னாடி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தெரியும்ல?

எங்க தெரு முனையில மௌரீன்னு ஒரு சட்டைக்கார அம்மா, நம்ம தூள்தான் வாங்குவாங்க. ஒரு நாளு என்னைக் கூப்பிட்டு, ஏ சரசு, வாட் மேன், உன் தூளு போட்டா என் குசினி உங்க கோயில் மாதிரி அடிக்குது, எங்க பாதர் வந்தா என்ன நெனைப்பாருன்னு கேட்டாங்க. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கூடையில மூஞ்சிய வெச்சு மோந்து பாத்தேன். சந்தனம்.

பலா அறுக்கறாங்க, ஹொன்னெ மரம் அறுக்கறாங்க, சவுக்கு அடுக்கி வெச்சிருக்காங்க. சந்தனத்துக்கு அங்க என்ன வேலை? இந்த மைசூர் சீமையில நம்ம கொல்லையில தானா மொளைச்சாலும் சந்தன மரம் சர்க்காரோடது, கைய வெச்சா ஜெயிலு. அத மண்டியில துண்டு போட்டிருக்காங்க. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க, கட்டைய மறைச்சாங்க, கணக்க மறைச்சாங்க, வண்டியில சவுக்கு விறகுக்கு அடியில வெச்சு ஓசூர் பக்கம் அனுப்பினாங்க. கீழ விழுந்த தூள யாரும் நெனைக்கல. கூட்டறவ கூட்டிட்டுப் போறா, அவளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டாங்க. ஆஸ்டின் டவுன் பூரா அத வெச்சுச் சோறாக்கிட்டு இருந்துச்சு.

எங்கக்கா எழுந்திரிக்கிறீங்க? கதவு இன்னும் தெறக்கலையே. உக்காருங்க. இந்த வெயில்ல எங்க போவீங்க.

அன்னிக்குத்தாங்க்கா எனக்கு எல்லாம் வெளங்குச்சு. மண்டியில கோவிந்தப்பான்னு ஒரு வயசான காவல்காரரு. அவரத்தான் மண்டையில அடிச்சிருந்தாங்க, ரெண்டாம் நாளு ஆஸ்பத்திரியில செத்துப் போனாரு. எதுக்கு அடிக்கணும், அங்க என்ன தங்கமா இருக்குதுன்னு போலீசுக்குப் புரியல. அன்னிக்குப் பகல்ல எங்க வீட்டுக்காரருக்கும் அந்தக் கெழவனாருக்கும் ஒரு சண்டை. பொறக்கப் போற கொழந்தைக்குத் தொட்டில் செய்யறேன்னு இவரு ஒரு பலாத் துண்ட எடுத்திருக்காரு, கீழ வைடா திருட்டுப் பயலேன்னு அவரு கத்தியிருக்காரு, இவரும் பதிலுக்குக் கத்தியிருக்காரு. மண்டியே கேட்டுது. அது போதாதா? மறந்து வெச்ச குடைய எடுக்க வந்தேன், மரம் தூக்கற அப்பாதுரை கையில கடப்பாரையோட ஓடினான், என் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டாரு மண்டியில கணக்கு எழுதற ரைட்டரு. கெழவனாரு சந்தனத்த மோந்துட்டாருங்க்கா, அதுக்குத்தான் அடி. தூள் விக்கற பொம்பளைக்கு வந்த வாசம் ராப்பகலா அங்கயே கெடந்த மனுஷனுக்கு வராதா?

ஆமா. ரைட்டரு. உங்க பெருமாள்சாமி.

தண்ணி குடிங்க. நானே சொம்புல கொண்டாந்திருக்கேன், இந்தாங்க. வேணாமா? சரி.

உங்களுக்கு என்னை ஞாபகமில்ல. நான் உங்க மூஞ்சிய மறக்கலக்கா. பிரேசர் டவுன்ல உங்க வீட்டுக் கேட்டுகிட்ட வந்து நின்னேன், ஏழு மாச வயித்தோட. ரைட்டரு கால்ல விழ வரல. பொம்பளைக்குப் பொம்பள, உங்க கிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். நீங்க மாடியில நின்னு பாத்தீங்க. அப்புறம் வேலைக்காரம்மா வந்து, அம்மா தலைக்கு ஊத்திகிட்டு இருக்காங்க, போயிட்டு அப்புறம் வான்னு சொல்லுச்சு. உங்க தலை காஞ்சு, பின்னி, பூ வெச்சு இருந்துச்சுக்கா. மேல நிக்கறீங்க, நான்தான் கீழருந்து பாத்துகிட்டே இருக்கேனே. சந்திரம்மா அக்கா, நீங்க கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுவீங்கன்னு பொழுது சாயற வரைக்கும் நின்னேன். பைத்தியக்காரி.

அது போகட்டும். சந்தனம் எந்த வாரம் வாசம் அடிக்குது, வண்டி என்னிக்குக் கெளம்புதுன்னு லட்சுமம்மா வாயக் கெளறிக் கெளறித் தெரிஞ்சுகிட்டேன். ஒரு புடி தூள முந்தானையில முடிஞ்சு வனத்துறை ஆபீசரு மேஜைமேல போயிக் கொட்டினேன். மோந்து பாத்தாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கல. சந்தாபுரால வண்டிய மடக்கினாங்க. உங்க வீட்டுக்காரரு யாரையும் நம்ப மாட்டாரே, அவரே வண்டிக்காரன் பக்கத்துல உக்காந்திருந்தாராம், குடைய புடிச்சுகிட்டு.

ஆமாங்க்கா. நான்தான்.

யாரோ மண்டியிலயே காட்டிக் குடுத்துட்டாங்கன்னு நெனைச்சுகிட்டு இருந்தீங்களா? கோர்ட்டு விட்ட உங்க வண்டிக்காரன நீங்க வேற வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களாமே. அவன் மேல ஒண்ணும் தப்பில்ல, திரும்ப வெச்சுக்கோங்க.

ஆனா பாருங்க, கோர்ட்டுல சந்தனத்துக்கு மட்டும்தான் தண்டனை. செத்த கெழவனாரப் பத்தி ஒருத்தரும் கேக்கல. வக்கீலு வெங்கடராமன் அய்யர் சொல்றாரு, சாட்சி சொன்னவனே மாத்திச் சொல்லணும், இல்ல அவன் வீட்ல யாராச்சும் சொல்லணும், அப்பத்தான் அப்பீலுக்கு உயிர் வரும், வாசத்த வெச்சு ஒண்ணும் நடக்காதுன்னு.

சரி, மேஸ்திரி யாருன்னு கேட்டீங்களே. இன்னுமா புரியல?

எங்க வீட்டுக்காரருதாங்க்கா. ராகிக் கொட்டாய்க்கு இப்ப அவருதான் மேஸ்திரி. உங்க பெருமாள்சாமி மொத நாளு உள்ள வந்து தலைய தூக்கிப் பாத்தாராம். இவரு ராகிய அளந்து முன்னாடி வெச்சாராம். சாயங்காலம் மாவ ரெண்டு விரலால தேச்சுப் பாத்தாராம்.

அழாதீங்க. அடிக்கல, நான் சொன்னேன்ல. அவருக்கு அடிக்க வராது.

அதான் இப்ப எனக்குத் தலவலி. போன வாரம் உள்ளருந்து விடுதலையான ஒரு ஆளு கிட்ட சேதி சொல்லி அனுப்பியிருக்காரு. ரைட்டருக்கு ரெண்டு கையும் கொப்புளிச்சுப் போச்சு, சோத்தப் பெசைய முடியல, ராவுல மொனகறாரு, வயசான மனுஷன், தறிக் கொட்டாய்க்கு மாத்தச் சொல்லி ஜெயிலரு கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா சரசு, நீ என்ன சொல்றே? இதான் சேதி. நாலு வருஷத்த முழுங்கினவனுக்குப் பாவம் பாக்கறாரு எங்க வீட்டு மகராசன். நான் சொன்னா கேப்பாரு. நான் சரின்னா மாத்திடுவாரு. அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்.

என்னக்கா, கையப் புடிக்கிறீங்க? எல்லாரும் பாக்கறாங்க. எழுந்திரிங்க, கால்லெல்லாம் விழாதீங்க. சின்னவ நான்.

நிஜமாவா? அன்னிக்கு அவரு வீட்டுக்கு வந்தப்ப வேட்டியில ரத்தம் இருந்துச்சா? நீங்கதான் தொவைச்சீங்களா? ஓ. அப்ப நான் கேட்டுக்கு வெளிய நின்ன அன்னிக்கு உங்களுக்கு எல்லாம் தெரியும்.

தெரிஞ்சுதான் தலைக்கு ஊத்திகிட்டீங்க.

வக்கீல் கிட்ட வந்து சொல்றீங்களா? நல்லது. திங்கக்கெழம வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். அவர் வாயாலயும் சொல்ல வெக்கிறீங்களா? அதுவும் நல்லது. வலைக்குப் பக்கத்துல போயி சத்தமா சொல்லுங்க, எல்லாரும் கத்தற கத்தல்ல காதுல விழாது. இல்லக்கா, மாத்தச் சொல்ல மாட்டேன். எதுக்கு மாத்தணும்? நீங்க சொல்லி, அவரு சொல்லி, அய்யரு எழுதி, அப்பீலுன்னு அது நம்பரு ஆகி, ஜட்ஜு கூப்பிடறதுக்கு எத்தனையோ நாளாகும். அது வரைக்கும் ராகி அரைக்கட்டும். கொஞ்சம் நைசா அரைக்கச் சொல்லணும், அவ்வளவுதான் எங்க வீட்டுக்காரரு கிட்ட நான் சொல்லப் போறது.

பாமா, வாடி கண்ணு, செருப்ப போடு. கதவு தெறந்துட்டாங்க.

உங்க பேருதான் மொதல்ல படிக்கிறாரு, போங்க. கேரியர இங்கயே வெச்சுட்டுப் போங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. மூஞ்சிய தொடைச்சுக்கோங்கக்கா. நாம அழுத மூஞ்சியோட போயி நின்னா அவங்களுக்கு அன்னிக்கு முழுக்க சோறு எறங்காது, அடுத்த மனு வரைக்கும் அந்த மூஞ்சிதான் கண்ணுல நிக்கும்.

இல்ல, இருங்க. தொடைக்காதீங்க. அப்படியே போங்க.